சென்னை மாடியில் பூண்டு ஏன் திரளவில்லை? சாம்பாருக்கு எந்த வெங்காயம்?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி சொல்கிறேன். சென்னையில் மொட்டைமாடியில், கடைப்பூண்டைப் பல் பல்லாகப் பிரித்து நவம்பரில் நட்டீர்கள். தாள் செழிப்பாக வந்தது. மார்ச்சில் பிடுங்கினால் கீழே பூண்டு இல்லை, தடித்த வெள்ளைத் தண்டு மட்டும் இருந்தது. மண்ணில் என்ன குறை, என்ன உரம் போட்டிருக்க வேண்டும் என்கிறீர்கள். பூண்டு வராவிட்டால் வெங்காயமாவது போடலாமா, எந்த வெங்காயம் என்றும் கேட்கிறீர்கள். கூடவே ஒரு சமையல் சந்தேகம்: சாம்பாருக்குச் சின்ன வெங்காயம்தான் என்று வீட்டில் சொல்வதில் விஷயம் இருக்கிறதா, வெறும் பழக்கமா? உரத்தைப் பற்றிய கேள்வியாக எழுதியிருக்கிறீர்கள். அடியில் இருப்பது, இந்த ஊரில் இந்தச் செடி பூண்டு கட்டுமா என்ற கேள்விதான். அதிலிருந்து தொடங்குகிறேன்.

நான் தோட்டக்கலை படித்தவன். நீலகிரியிலும் கொடைக்கானல் மேல்மலையிலும் காய்கறிப் பயிர்களோடு வேலை பார்த்தேன், இப்போது சமவெளியில் மாடித்தோட்டக்காரர்களுக்கு யோசனை சொல்கிறேன். ஆகவே செடியைப் பற்றிச் சொல்வதைக் கொஞ்சம் உறுதியாகவே சொல்வேன். சமையலில் நான் வீட்டு அடுப்படி ஆள்தான். அதில் எது செடியின் இயல்பால் வரும் வித்தியாசம், எது என் நாக்கின் விருப்பம் என்பதைப் பிரித்துச் சொல்லப் பார்க்கிறேன்.

உங்கள் மண்ணில் குறை இல்லை. தாள் செழித்ததே அதற்குச் சாட்சி. குறை சென்னையின் குளிர்காலத்தில். பூண்டின் ஒவ்வொரு பல்லும் இலைக்கக்கத்தில் உருவாகும் ஒரு மொட்டு. அந்த மொட்டுகள் உருவாக வேண்டுமானால், நட்ட பல்லோ இளஞ்செடியோ சில வாரங்கள் நல்ல குளிரில் இருந்திருக்க வேண்டும். 10 டிகிரி செல்சியஸும் அதற்குக் கீழும் என்று வைத்துக்கொள்ளலாம். சென்னையில் டிசம்பர், ஜனவரி இரவுகளே 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். குளிர் படாத செடி மொட்டு விடுவதில்லை, இலையை மட்டும் விட்டுக்கொண்டே போகும். அரைகுறையாகக் குளிர் பட்டாலோ, நட்ட பல் மிகச் சிறியதாக இருந்தாலோ, பல் பிரியாமல் ஒரே உருண்டையாக நிற்கும். கடையில் தனி விலை போட்டு விற்கிற ஒற்றைப்பல் பூண்டு பெரும்பாலும் இப்படி உருவாவதுதான்.

பகல் நீளமும் ஒரு காரணம் என்று நீங்கள் படித்திருக்கலாம். அது உண்மைதான். குளிருக்குப் பிறகு பகல் நீள நீள, வெயில் ஏற ஏற, பூண்டு வேகமாகத் திரளும். ஆனால் நம் ஊரைப் பொறுத்தவரை முக்கியமான காரணம் குளிர்தான் என்று தைரியமாகச் சொல்லலாம். கொடைக்கானல் சென்னைக்குத் தெற்கே இருக்கிறது. அங்கே கோடையின் மிக நீண்ட பகல்கூடச் சென்னையைவிடச் சில நிமிடங்கள் குறைவு. இருந்தும் பூம்பாறை, மன்னவனூர், பூண்டி, கவுஞ்சி என்று மேல்மலை ஊர்களில் பூண்டு காலங்காலமாக விளைகிறது. 2019-இல் கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அந்த ஊர்கள் கிட்டத்தட்ட 2,000 மீட்டர் உயரத்தில் இருக்கின்றன. சென்னையில் இல்லாதது அந்த உயரம் தரும் குளிர். நீலகிரியிலும் அதே கதை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஊட்டி 1, ஊட்டி 2 என்ற ரகங்கள் மலைக்கென்றே தேர்ந்தெடுக்கப்பட்டவை. ஜூன்–ஜூலையிலும் அக்டோபர்–நவம்பரிலும் நடுவார்கள், நான்கு மாதத்தைத் தாண்டி அறுப்பார்கள்.

"மத்தியப் பிரதேசத்தில் சமவெளியில்தானே விளைகிறது?" என்று அடுத்து கேட்பீர்கள். சரியான கேள்வி. நாட்டிலேயே அதிகம் பூண்டு விளைவிக்கும் மாநிலம் அதுதான், மந்தசோர், நீமச் வட்டாரம் பூண்டுக்குப் பேர்போனது. ஆனால் அங்கே குளிர்காலம் என்று ஒன்று உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் நட்டு, நடுங்குகிற இரவுகளைக் கடந்து, வெயில் ஏறும்போது அறுக்கிறார்கள். யூடியூபில் தொட்டியிலிருந்து கொத்தாகப் பூண்டு எடுத்துக் காட்டும் காணொளிகளில் பலவும் அப்படிப்பட்ட ஊர்களில் எடுத்தவை. அவர்கள் பொய் சொல்லவில்லை, அவர்கள் ஊர் வேறு.

அப்படியானால் குளிரைக் குளிர்சாதனப் பெட்டியில் கொடுக்கலாமா? கொடுக்கலாம், ஓரளவுக்கு. முழுப்பூண்டைப் பிரிக்காமல் காகித உறையில் போட்டு, காய்கறித் தட்டில் ஆறு முதல் எட்டு வாரம் வைத்து, நவம்பர் கடைசியில் பல் பிரித்து நட வேண்டும். தாவரவியல்படி இதில் தவறில்லை. குளிர் பட்ட விதைப்பூண்டு சீக்கிரம் திரளத் தொடங்குவது நிரூபணமான விஷயம். ஆனால் சென்னை மாடியில் இதன் பலன் நிச்சயமில்லை. சிலருக்குக் கோலிக்குண்டு அளவில் நாலைந்து பல்லோடு வருகிறது, சிலருக்கு ஒற்றை உருண்டை, சிலருக்கு ஒன்றுமில்லை. எந்த ஊர்ப் பூண்டை வைத்தீர்கள், பிப்ரவரி எவ்வளவு சீக்கிரம் சுட்டது என்பதையெல்லாம் பொறுத்து மாறும். ஓசூரிலோ பெங்களூரிலோ இருந்தால் 'முயன்று பாருங்கள்' என்பேன். ஏற்காட்டில் இருந்தால் தயங்காமல் நடச் சொல்வேன். சென்னைக்கு இது விளையாட்டாகச் செய்து பார்க்கிற வேலை, அவ்வளவுதான். சொல்லப்போனால், வீட்டில் குளிர்சாதனப் பெட்டியில் வைத்த பூண்டு சீக்கிரம் முளை விடுவதும் இதனால்தான். குளிர்காலம் கடந்துவிட்டது, இனி முளைக்கலாம் என்று பல் எடுத்துக்கொள்கிறது. சமைக்க வைத்திருக்கும் பூண்டைக் காற்றாடக் கூடையில் வைப்பதே நல்லது.

சாம்பல், எப்சம் உப்பு, புளித்த மோர், வாழைப்பழத் தோல் கரைசல் என்று உங்களுக்கு ஏற்கெனவே வந்திருக்கும் யோசனைகளில் எதுவும் குளிருக்கு ஈடாகாது. சாம்பலில் பொட்டாஷ் உண்டு, அளவோடு போட்டால் கெடுதல் இல்லை. எப்சம் உப்பு மெக்னீசியம் குறைந்த மண்ணுக்கு உதவும். மற்றவை கிழங்கைப் பெருக்கும் என்பதற்கு நம்பும்படியான ஆதாரம் எதையும் நான் பார்க்கவில்லை. தழைச்சத்து உரத்தைக் கடைசிவரை ஊற்றிக்கொண்டே இருந்தால் மலையில்கூடத் தாள்தான் பெருக்கும்.

ஆகவே என் யோசனை: சென்னையில் பூண்டைக் கீரையாக வளருங்கள். இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. பூண்டுத்தாள் கடையில் சுலபமாகக் கிடைக்காத பொருள், வளர்ப்பதோ மிகச் சுலபம். குஜராத்திகள் குளிர்காலத்தில் இதற்காகவே காத்திருப்பார்கள், அவர்களுடைய உந்தியு என்ற காய்கறிக் கலவையில் பச்சைப் பூண்டுத்தாள் இல்லாமல் சுவை சேராது. ஆறு அங்குல ஆழமுள்ள எந்தத் தொட்டியும் போதும். செம்மண், மக்கிய தொழுவுரம் அல்லது மண்புழு உரம், தென்னை நார்க்கழிவு மூன்றையும் கலந்து, தண்ணீர் தேங்காமல் வடிகிறதா என்று ஊற்றிப் பாருங்கள். நடுகிற அன்றைக்குத்தான் பல்லைப் பிரிக்க வேண்டும், தோலை உரிக்கக் கூடாது. வெளிச்சுற்றுப் பெரிய பற்களை எடுத்து, முனை மேலே இருக்க, ஓர் அங்குல ஆழத்தில் ஊன்றுங்கள். தாளுக்காக என்றால் இரண்டு அங்குல இடைவெளி போதும். பல் தன் சேமிப்பிலேயே முளைத்துவிடும் என்பதால் முதல் மூன்று வாரம் உரமே தேவையில்லை. அரை அடி உயரம் வந்ததும் அடியில் ஓர் அங்குலம் விட்டு நறுக்கலாம், இரண்டு மூன்று முறை துளிர்க்கும். அதன்பின் தாள் மெலியும், அப்போது பிடுங்கிவிட்டு வேறு பல் ஊன்றுங்கள். நீங்கள் பிடுங்கிய வெள்ளைத் தண்டுகளையும் தூக்கிப் போடாதீர்கள். பொடியாக நறுக்கி ஆம்லெட்டிலோ, பாசிப்பருப்பு சேர்த்துப் பொரியலிலோ போட்டால் முற்றிய பூண்டின் காட்டம் இல்லாமல் மணம் மட்டும் வரும்.

விதைக்குக் கடைப்பூண்டு வாங்குவதில் தவறில்லை, தாளுக்கு எந்தப் பூண்டும் ஆகும். ஆனால் 'மலைப்பூண்டு' என்று பெயர் சொல்லி விற்பதெல்லாம் நம் மலையில் விளைந்தது என்று எண்ணிவிடாதீர்கள். தேனி மாவட்டம் வடுகபட்டியும் மேட்டுப்பாளையமும் பூண்டு வியாபாரத்துக்குப் பெயர்பெற்ற இடங்கள், அங்கே வட மாநிலச் சரக்கும் வந்து இறங்குகிறது. இமாச்சலப் பூண்டு பருத்த பல்லோடு பார்க்க எடுப்பாக இருக்கும். நம் மேல்மலைப் பூண்டு அதைவிடக் காட்டம், பல் இறுக்கம், உரிக்கப் பொறுமை வேண்டும். நன்றாகக் காயவைத்தால் மாதக்கணக்கில் கெடாது. இந்த ஒப்பீட்டில் காட்டம், இறுக்கம் என்பதெல்லாம் கைப்பழக்கத்தில் சொல்வது. கண்ணால் மட்டும் பார்த்து ஊர் சொல்ல என்னாலும் எப்போதும் முடியாது.

இனி வெங்காயம். மாடியில் கிழங்கு பார்த்தே ஆக வேண்டும் என்றால் சின்ன வெங்காயம் போடுங்கள். பூண்டுக்கு நேர்மாறான குணம் இதற்கு: திரளக் குளிர் வேண்டாம், குளிர் அதிகம் பட்டால் பூத்துவிடும். நம் 12 மணி நேரப் பகலே இதற்குப் போதும். பெரம்பலூர், திருச்சி, திண்டுக்கல், நாமக்கல், திருப்பூர் பக்கமெல்லாம் இது வயல் வயலாக விளைவது அதனால்தான். விதை வெங்காயத்தை அப்படியே ஊன்றினால் 65 முதல் 75 நாளில் ஒன்றுக்கு நாலைந்தாகக் கொத்துக் கட்டும். ஊன்றுவதற்குப் பழைய காயாகப் பாருங்கள். அறுத்துச் சில வாரமே ஆன காய் உறக்கத்தில் இருக்கும், முளைக்காமல் படுத்தும், சில சமயம் மண்ணிலேயே அழுகிவிடும். அறுவடையாகி இரண்டு மாதம் கடந்த, லேசாக முளை எட்டிப் பார்க்கிற காய்தான் நல்லது. மேல் நுனி மண்ணுக்கு மேலே தெரியும்படி, நான்கு அங்குல இடைவெளியில், பாதி புதையுமாறு ஊன்றினால் போதும்.

சென்னையில் வடகிழக்குப் பருவமழையில் போடாதீர்கள். டிசம்பர் கடைசியில் மழை ஓய்ந்ததும் ஊன்றினால் மாசி, பங்குனியில் எடுத்துவிடலாம். இலையில் வெள்ளி நிறக் கீறல்கள் தெரிந்தால் அது இலைப்பேன். லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து மாலையில் தெளியுங்கள், இலையின் அடிக்கக்கத்தில் படவேண்டும். இலை முறுக்கிக்கொண்டு சுருண்டால் திருகல் நோய். அந்தச் செடியைப் பிடுங்கி அப்புறப்படுத்துவதோடு, தண்ணீரைக் குறைக்கவும் வேண்டும். தொட்டியில் ஒன்றிரண்டுக்கு மேல் வந்துவிட்டால் காப்பாற்ற முயல்வதைவிட மண்ணை மாற்றுவது மேல். தாள் முக்கால்வாசி சாய்ந்ததும் தண்ணீரை நிறுத்தி, ஒரு வாரம் கழித்துப் பிடுங்கி, தாளோடு நிழலில் காயவிடுங்கள். பெரம்பலூர்ப் பக்கம் பட்டறை போடுவார்கள். தரையிலிருந்து உயர்த்திய, நாலா பக்கமும் காற்று புகுந்து வருகிற அடைப்பு அது, மேலே ஓலை. நம் வீட்டு அளவுக்குக் கொத்துக் கொத்தாகக் கட்டிக் கயிற்றில் தொங்கவிட்டாலே போதும்.

இணையத்தில் விற்கும் வெளிநாட்டு வெங்காய விதைகளில் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள். ஐரோப்பிய ரகங்கள் பலவும் 14 முதல் 16 மணி நேரப் பகல் கிடைத்தால்தான் திரளும். தமிழ்நாட்டில் எந்த மாதத்திலும் அவ்வளவு நீளமான பகல் கிடையாது. எவ்வளவு உரம் போட்டாலும் வெங்காயத்தாள்தான் மிஞ்சும். விதையிலிருந்துதான் வேண்டும் என்றால் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ 5 நல்ல தேர்வு. சின்ன வெங்காயத்திலேயே விதை கட்டுகிற ரகம் அது, ஆனால் நாற்று விட்டுப் பிடுங்கி நட வேண்டும், கூடுதலாக ஒரு மாதம் பிடிக்கும். ஒன்று சொல்லிவிடுகிறேன்: மாடியில் விளைவதை வைத்து ஒரு குடும்பத்தின் வெங்காயச் செலவைக் குறைக்க முடியாது.

சரி, சமையலுக்கு வருவோம். சின்ன வெங்காயத்துக்கும் பெரிய வெங்காயத்துக்கும் (தெற்கே பல்லாரி) உள்ள வித்தியாசம் பழக்கம் மட்டுமல்ல. பெரிய வெங்காயத்தில் 100 கிராமுக்கு 85 கிராமுக்கும் மேல் தண்ணீர். சின்ன வெங்காயத்தில் தண்ணீர் குறைவு, திடப்பொருள் கூடுதல், தோல் தோலாக இருக்கும் அடுக்குகள் இறுக்கமானவை. பாத்திரத்துக்குள் நடக்கும் மற்ற எல்லாமே இதிலிருந்துதான் வருகின்றன.

சாம்பாரை எடுத்துக்கொள்ளுங்கள். முழுதாகப் போடும் சின்ன வெங்காயத்துக்கு வெட்டுப்பக்கம் கிடையாது. உள்ளே இருப்பது உள்ளேயே வெந்து இனிக்கிறது, வெளியே குழம்பின் புளிப்பு, கடித்தால் இரண்டும் தனித்தனியாகத் தெரியும். பெரிய வெங்காயத்தை நறுக்கிப் போட்டால் அடுக்குகள் பிரிந்து, இனிப்பு முழுவதும் குழம்பில் கரைந்துவிடும். அதை விரும்புகிறவர்களும் இருக்கிறார்கள், ஓட்டல் சாம்பார் பலவற்றில் அந்த இனிப்பு வேண்டுமென்றே வருவது. ஆனால் இரண்டும் ஒரே சாம்பார் அல்ல. விலை ஏறி இருக்கும்போது பெரிய வெங்காயத்தையே போட வேண்டி வந்தால், வேர்ப்பக்கத்தைச் செதுக்காமல் ஒட்டவிட்டு, எட்டுக் கீற்றாக வெட்டுங்கள். வேர்த்தட்டு அடுக்குகளைப் பிடித்துக்கொள்ளும், சாம்பாரில் ஓரளவு உரு நிற்கும்.

எந்த வெங்காயமானாலும் ஒரு விஷயம் நிச்சயம்: புளித்தண்ணீரோ தக்காளியோ சேர்ந்தபின் வெங்காயம் சீக்கிரம் மசியாது. அமிலம், காய்களைக் கட்டி வைத்திருக்கும் பெக்டினை இளகவிடாது. அரை மணி நேரம் கொதித்த வத்தக்குழம்பில்கூட நறுக் நறுக்கென்று வெங்காயம் கடிபட்டால் காரணம் இதுதான். நல்லெண்ணெயில் வெங்காயமும் பூண்டும் முழுதாக வதங்கிய பிறகே புளி ஊற்ற வேண்டும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வது வேதியியல்படியும் சரி. அவசரத்துக்குச் சமையல் சோடா ஒரு சிட்டிகை போட்டால் சீக்கிரம் நிறம் ஏறும், மசியவும் செய்யும். ஆனால் கொஞ்சம் கூடினாலும் கூழாகி, சோப்பு வாடை தட்டும். நான் போடுவதில்லை.

தண்ணீர் குறைவாக இருப்பதன் அருமை வடகத்தில்தான் முழுதாகத் தெரியும். தாளிப்பு வடகத்துக்குச் சின்ன வெங்காயத்தை இடித்து, பூண்டு, உளுத்தம்பருப்பு, கடுகு, சீரகம், வெந்தயம் சேர்த்து, உருட்டி உருட்டிச் சித்திரை வெயிலில் காயவைத்து, கடைசியில் விளக்கெண்ணெய் தடவி எடுத்து வைப்பார்கள். பெரிய வெங்காயத்தில் முயன்றால் ஊறிக் கிடக்கிற தண்ணீர் வற்றுவதற்குள் உருண்டை புளித்துவிடும். காரச் சட்னி, கொங்குப் பக்கத்து அரிசிம்பருப்பு சாதம், பள்ளிபாளையம் சிக்கன் எல்லாம் சின்ன வெங்காயத்தை நம்பியே இருப்பவை. பள்ளிபாளையத்தில் வறமிளகாயும் தேங்காய்ச் சில்லும் தவிர மசாலா என்று பெரிதாக ஒன்றும் கிடையாது, அந்த வெங்காயத்தின் காட்டம்தான் மசாலா. பழைய சோற்றுக்குக் கடித்துக்கொள்ளச் சின்ன வெங்காயத்தைத் தவிர வேறு எதையும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இது மட்டும் முழுக்க முழுக்க என் விருப்பம், வாதத்துக்கு இழுக்காதீர்கள்.

பெரிய வெங்காயம் கட்டாயம் வேண்டிய இடங்களும் உண்டு. பக்கோடாவுக்கு நீளவாக்கில் மெலிதாகச் சீவி, உப்புப் போட்டுப் பிசைந்து பத்து நிமிடம் வைத்தால் தண்ணீர் விடும். அந்தத் தண்ணீரிலேயே கடலைமாவும் அரிசிமாவும் பிசைந்துகொள்ளலாம், வெளித்தண்ணீர் சேர்க்காததால்தான் மொறுமொறுப்பு வரும். தயிர்ப் பச்சடிக்கும் பஜ்ஜிக்கும் அதன் மென்மையும் அகலமும் தேவை. குருமா, வடநாட்டுக் கிரேவி போன்றவற்றில் வெங்காயம் கண்ணுக்குத் தெரியாமல் கரைந்து கெட்டித்தன்மை தரவேண்டும். அங்கே சின்ன வெங்காயத்தை உரித்துக்கொண்டு உட்காருவது வீண் வேலை. பிரியாணியில் ஊருக்கு ஊர் வழக்கம் பிரிகிறது. ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் பெரிய வெங்காயத்தைச் சீவி வதக்குவார்கள், திண்டுக்கல் பாணியில் சீரகச் சம்பாவோடு சின்ன வெங்காயம் அரைபட்டுச் சேரும். எது மேல் என்று கேட்டால் ஊர்ச்சண்டை வரும். சுவை மாறுவதற்கு அரிசியும் மசாலாவும் சேர்ந்தே காரணம் என்பதால், வெங்காயத்தின் பங்கு மட்டும் எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம்.

வெள்ளை வெங்காயம் கிடைத்தால் பச்சையாகச் சாப்பிடப் பயன்படுத்துங்கள், காட்டம் குறைவு என்பதோடு வெள்ளைக் குருமாவில் நிறமும் கெடாது. கோலார், சிக்கபள்ளாபூர் பக்கத்து பெங்களூர் ரோஸ் வெங்காயம் 2015-இல் புவிசார் குறியீடு பெற்றது. பெரும்பகுதி மலேசியா, சிங்கப்பூர் என்று ஏற்றுமதியாகிவிடும், நம் கடைகளில் தேடினால்தான் கிடைக்கும். ஊறுகாய்க்கு நல்லது.

பூண்டைச் சமைப்பதில் நிச்சயமான ஒன்று, அதன் காட்டம் பல்லுக்குள் தயாராக இருப்பதில்லை என்பது. நசுக்கும்போதுதான், செல்கள் உடைந்து உள்ளிருக்கும் ஒரு நொதி வேறொரு பொருளோடு சேர்ந்து, காட்டத்தைத் தரும் அல்லிசின் உருவாகிறது. சூடு பட்டால் அந்த நொதி செயலிழந்துவிடும். அதனால்தான் முழுப் பல்லாகப் பாலில் வேகவைத்த பூண்டு கிழங்கு மாதிரி இனிக்கிறது, தட்டி ரசத்தில் போட்ட பூண்டு மூக்கைத் துளைக்கிறது. பூண்டுக்குழம்புக்கு முழுப்பல், ரசத்துக்குத் தோலோடு தட்டியது, சட்னிக்கு அரைத்தது என்று வைத்திருப்பது காரணத்தோடுதான். வெங்காயத்தைவிடப் பூண்டில் தண்ணீர் குறைவு, சீக்கிரம் கருகிக் கசந்துவிடும். நறுக்கிய பூண்டை வெங்காயம் பாதி வதங்கிய பிறகு போடுங்கள்.

நசுக்கிப் பத்து நிமிடம் வைத்துவிட்டுச் சமைத்தால் சத்து அதிகம் என்று சொல்வார்கள். நொதி வேலை செய்ய அவகாசம் கிடைக்கும் என்ற அளவில் அது சரி. ஆனால் அதனால் ரத்த அழுத்தம் இவ்வளவு குறையும், கொழுப்பு கரையும் என்றெல்லாம் நீட்டுவதற்கு நான் துணை வரமாட்டேன். மருத்துவம் என் துறை இல்லை. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் பச்சைப் பூண்டைத் தினமும் விழுங்கத் தொடங்கும் முன் மருத்துவரைக் கேட்பது அவசியம். பூண்டு வாயுவைப் போக்கும் என்பது நம் நம்பிக்கை. ஆனால் பூண்டிலும் வெங்காயத்திலும் இருக்கும் ஃபிரக்டான் என்ற மாவுச்சத்து வகை சிலருக்குக் குடலில் நொதித்து வாயுவை உண்டாக்கவே செய்யும். உங்கள் வயிறு எந்தக் கட்சி என்று சாப்பிட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

கடைசியாக, பயப்பட வேண்டாதவை இரண்டும் பயப்பட வேண்டியது ஒன்றும். வெங்காயத் தோலில் கருப்புப் பொடி இருந்தால் அது ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜர் என்ற சாதாரணப் பூஞ்சணம். 2021-இல் பரபரப்பாகப் பேசப்பட்ட கருப்புப் பூஞ்சை நோய்க்கும் அதற்கும் தொடர்பில்லை. பொடி படிந்த அடுக்கை உரித்து எறிந்து, கழுவி, உள்ளே கெட்டியாக இருந்தால் சமைக்கலாம். அரைத்த பூண்டில் எலுமிச்சையோ வினிகரோ சேர்த்தபின் பச்சையாக, நீலமாக நிறம் மாறினாலும் ஆபத்து இல்லை, கந்தகப் பொருட்கள் அமிலத்தோடு வினைபுரிந்த நிறம் அது. பயப்பட வேண்டியது, பச்சைப் பூண்டை எண்ணெயில் மூழ்கவைத்து அடுப்படி மேடையிலேயே வைத்திருப்பது. எண்ணெய்க்கு அடியில் காற்று இல்லை, அமிலமும் இல்லை, பாட்யூலிசம் என்ற கடும் நோயைத் தரும் நச்சை உண்டாக்கும் கிருமி வளர அது வசதியான இடம். நிறமோ வாடையோ மாறாமலே நச்சு சேரலாம். புளி, எலுமிச்சை, உப்பு தாராளமாகச் சேர்ந்த நம் பூண்டு ஊறுகாயை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். வெறும் பூண்டெண்ணெய் செய்தால் உடனே குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, மூன்று நான்கு நாளில் தீர்த்துவிடுங்கள், மிச்சமிருந்தால் கொட்டிவிடுங்கள்.